நெருப்பைச் சுமந்தவர்கள் – 9: கோயிலுக்கு முன்னால் கல்லறை

சென்ற வாரம் ஏடனில் முடித்தோம். 1883-ல் அந்தத் துறைமுகத்தில் பார்சிகள் நிறுவிய புனித நெருப்பை, தெற்கு ஏமன் அரசிடம் நெடுநாள் மன்றாடி, 1976-ல் விமானத்தில் ஏற்றி லோனாவாலாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த கதை அது. நெருப்பு அணையவில்லை; ஊர்தான் மாறியது.

இந்த வாரம் போகிற ஊரில், எடுத்துக்கொண்டு கிளம்ப அப்படியொரு நெருப்பே இருந்ததில்லை. ஹாங்காங்கில் பார்சிகளுக்கு ஒரு பிரார்த்தனைக் கூடம் உண்டு. முறைப்படி பிரதிஷ்டை செய்த தீக்கோயில் இன்றுவரை கிடையாது. ஆனால் முத்து நதி கடலில் கலக்கிற அந்த வட்டாரத்தில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் மட்டும் மூன்று. மக்காவ் நகரில் ஒன்று, 1829-ல் வாங்கியது. கான்டனுக்குக் கீழே கப்பல்கள் நங்கூரமிட்ட வாம்போவாவில் ஒன்று. ஹாங்காங்கின் ஹேப்பி வேலியில் 1852-ல் அமைந்தது மூன்றாவது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவருகிறவர்களுக்கு இது விநோதமாகப் படும். மண், நீர், நெருப்பு மூன்றும் புனிதம்; பிணம் அவற்றைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்பதுதானே இவர்கள் சமயத்தின் விதி? அதற்காகத்தானே கழுகுகளுக்கு உடலைக் கொடுக்கும் தக்மாக்களைக் கட்டினார்கள்? சீனாவில் தக்மா கட்ட வழியில்லை. பருவக்காற்றை நம்பிப் போன மனிதர்கள் அடுத்த காற்று வருவதற்குள் இறந்தார்கள். உடலைக் கப்பலில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்புவதும் முடியாத காரியம். ஆகவே கருங்கல்லால் பெட்டிபோல் கட்டி, குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர் பொறித்து, மண்ணுக்குள் வைத்தார்கள். மக்காவில் கியா குன்றின் சரிவில் படிப்படியாக இறங்கும் அந்தத் தோட்டத்தில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லறைகள்தாம். பக்கத்துச் சாலைக்குப் பெயர் 'எஸ்ட்ராடா டோஸ் பார்செஸ்', அதாவது பார்சிகள் சாலை. அந்தச் சாலையில் இன்று பார்சிகள் யாரும் குடியில்லை.

கதை கான்டனில் தொடங்குகிறது. சீனாவுக்குப் போன முதல் பார்சி என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறவர் ஹிர்ஜி ஜீவன்ஜி ரெடிமணி. 1756-ல் போனார். குடும்பப் பெயரே 'ரெடிமணி' என்றிருப்பவர் எதற்குப் போயிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா! அதற்கடுத்த ஆண்டிலிருந்து அந்நியர் வியாபாரம் செய்யச் சீனப் பேரரசு திறந்துவைத்த ஒரே வாசல் கான்டன். அதுவும் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பதின்மூன்று வணிக மாளிகைகளுக்குள். அந்நியர் நகருக்குள் போகக் கூடாது. சீன மொழி கற்றுக்கொள்ளக் கூடாது. பெண்களை அழைத்துவரக் கூடாது. பருவம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மக்காவுக்குப் போய்விட வேண்டும். பார்சிகள் பலர் தங்கிய மாளிகையைச் 'சவ்சவ்' என்றார்கள். வியாபாரிகளின் கலப்பு மொழியில் அதற்குக் கதம்பம் என்று பொருள். எந்த நாட்டுக் கொடியின் கீழும் சேராதவர்கள் தங்கிய இடம். 1794-ல் கவாஸ்ஜி பல்லன்ஜி கம்பெனி அங்கே கடை விரித்தது. 1830-களில் நாற்பது ஐம்பது பார்சிகள் கான்டனில் இருந்தார்கள். சீனர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'வெள்ளைத் தலையர்'. தலையில் வைத்திருந்த வெள்ளைப் பாகையைப் பார்த்து வந்த பெயர்.

அந்த வெள்ளைத் தலையர் ஊர் திரும்பும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்பதைப் பழைய பார்சி வீட்டுப் பெட்டிகளில் பார்க்கலாம். 'காரா' என்கிற பட்டுச் சேலை. கருஞ்சிவப்பு, ஊதா, கறுப்பு நிறப் பட்டில் வெள்ளை நூலால் நெருக்கமான சீனத் தையல். கொக்கு, பியோனிப் பூ, மூங்கில், பாலத்தின் மேல் குடை பிடித்துப் போகிற சீனாக்காரனும் சீனாக்காரியும். தைத்தவன் கான்டன் கைவினைஞன். அளவு சொன்னவர் பம்பாயில் கட்டப்போகிறவளின் கணவர். ஒரு வேலைப்பாட்டுக்கு அந்த வீட்டுப் பெண்கள் வைத்த பெயர் 'காந்தா பப்பேட்டா', வெங்காயம் உருளைக்கிழங்கு! சீனன் என்ன நினைத்து அந்த வட்டங்களைப் போட்டானோ, பம்பாய் அடுப்பங்கரையில் அவை காய்கறியாகிவிட்டன. நம் ஊர்ப் பட்டுக் கடைகளிலும் 'தஞ்சோய்' என்று ஒரு வகை விற்கிறார்கள். சூரத்திலிருந்து போன மூன்று நெசவாளிகள் சோய் என்ற சீன ஆசானிடம் கற்றுவந்த நெசவு அது, 'தன்' என்றால் மூன்று என்று பார்சிகள் சொல்வார்கள்.

பட்டு வந்தது சரி. அதற்கு ஈடாக என்ன போனது? பார்சி வரலாற்றை எழுதுகிற பலர் இந்த இடத்தில் 'சீன வாணிபம்' என்று நாசூக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பருத்தியும் போனது, உண்மை. ஆனால் செல்வம் சேர்த்தது அபின். வங்காள அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். மத்திய இந்தியாவின் மாளவத்தில், சமஸ்தானங்களில் விளைந்த அபின் கம்பெனியின் பிடிக்கு வெளியே இருந்தது. அதைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து கப்பலேற்றியவர்களில் மார்வாரிகள், குஜராத்திகள் எல்லாரும் உண்டு. சீனக் கரைவரை கூடவே போய் விற்றவர்களில் பார்சிகள் முன்னால் நின்றார்கள். பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ அறுபது கிலோ. சீனச் சட்டப்படி அது கடத்தல் பொருள். எல்லாருக்கும் தெரியும்.

ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1783-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், 1799-ல் முதல் சீனப் பயணம். 1805-ல் அவர் போன 'பிரன்ஸ்விக்' கப்பலை இலங்கையின் காலிக்கு அருகே பிரெஞ்சுப் படை மடக்கிப் பிடித்தது. கைதிகளை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோனார்கள். அதே கப்பலில் உதவி மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்து இளைஞன் பெயர் வில்லியம் ஜார்டின். சிறைப்பட்ட இடத்தில் பழகிய இருவரும் பிற்பாடு பம்பாய்–கான்டன் அபின் வியாபாரத்தின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். 1832-ல் உருவான ஜார்டின் மாத்திசன் கம்பெனிக்குப் பம்பாயில் பெரிய கை ஜீஜீபாய்தான். மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையும் ஜே.ஜே. ஓவியப் பள்ளியும் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டால் இவர் பெயரில். எந்தப் பணத்தில் எழுந்தன என்று கேட்டால், மேலே சொன்ன பெட்டிகள்.

1839 மார்ச்சில் கணக்குத் தீர்க்க லின் ஸெஷு என்ற ஆணையர் கான்டன் வந்தார். கையிலுள்ள அபினை எல்லாம் ஒப்படை என்றார். மாளிகைகளைச் சுற்றிக் காவல் போட்டார். சீன வேலைக்காரர்களும் சமையற்காரர்களும் வெளியேற, ஆங்கிலேய முதலாளிகளும் பார்சி சேட்டுகளும் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பிரிட்டிஷ் அரசு ஈடு தரும் என்று அதிகாரி எலியட் வாக்குக் கொடுத்த பிறகு 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் வெளியே வந்தன. ஹூமன் கடற்கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து, மூன்று வாரம் கரைத்துக் கடலில் விட்டார்கள். அவற்றில் பார்சிகளின் பெட்டிகளும் கணிசம். போர் வந்தது. 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் அபினுக்கு ஈடாகச் சீனா 60 லட்சம் டாலர் கட்டியது. பம்பாயில் காத்திருந்தவர்களுக்குப் போட்ட முதல் முழுதாக வந்து சேரவில்லை. அதைப் பற்றி அவர்கள் புலம்பியதற்கு ஏராளமான ஆவணங்கள் உண்டு. அந்த அபினைப் புகைத்தவர்களின் வீட்டுப் புலம்பலுக்கு ஆவணம் தேடினால்தான் தெரியும், எதை யார் எழுதிவைக்கிறார்கள் என்பது.

போரில் பிரிட்டன் பிடித்த பாறைத் தீவுதான் ஹாங்காங். 1841 ஜூனில் நடந்த முதல் நில ஏலத்திலேயே ரஸ்தம்ஜி என்ற பெயருள்ள பார்சி வியாபாரிகள் மனை எடுத்தார்கள். 1865-ல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி திறந்தபோது, அதைத் தொடங்கிய அமைப்புக் குழுவில் பல்லன்ஜி ஃபிராம்ஜி, ருஸ்தம்ஜி தன்ஜிஷா என்று இரண்டு பார்சிகள். இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் எச்.எஸ்.பி.சி.தான் அது.

முதலாளிகளை விட்டுவிட்டு ஒரு சமையற்காரரிடம் வருவோம். தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. 1852-ல் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி வந்தவர் என்பார்கள். பாதி வழியில் பிடிபட்டு, கப்பல் சமையலறையில் வேலை செய்து பயணத்தை ஒப்பேற்றினாராம். அந்தப் பகுதி பின்னால் சேர்ந்த அலங்காரமாகவும் இருக்கலாம்; சமையல் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஹாங்காங்கில் ஆங்கிலேயரிடம் சமையல் வேலை, பிறகு சொந்தமாக ரொட்டிக் கடை, பிறகு ஓட்டல்கள்.

ஹாங்காங் தீவுக்கும் எதிர்க்கரையான கவுலூனுக்கும் நடுவில் நல்ல அகலமான கடல். படகுக்காரன் மனசு வைத்தால் போகலாம், காற்று கெட்டால் கரையில் நிற்கலாம் என்பதுதான் அன்றைய நிலை. தொராப்ஜி 'மார்னிங் ஸ்டார்' என்ற நீராவிப் படகை ஓட்டத் தொடங்கினார். 1888-ல் கவுலூன் ஃபெர்ரி கம்பெனி. படகு பெருகப் பெருக ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு நட்சத்திரம். 1898-ல் கம்பெனி கைமாறியபோது புது முதலாளிகளுக்கு வேறு பெயர் யோசிக்க வேலையில்லை. 'ஸ்டார் ஃபெர்ரி' ஆனது. இன்றும் அந்தப் பச்சை வெள்ளைப் படகுகள் ஓடுகின்றன. புதிதாகக் கட்டிய படகுக்கும் நட்சத்திரப் பெயர்தான். 1966-ல் அதன் முதல் வகுப்புக் கட்டணத்தில் ஐந்து காசு ஏற்றியதற்காக ஓர் இளைஞர் உண்ணாவிரதம் உட்கார, ஊரில் கலவரமே மூண்டது. நகரத்தின் உடம்போடு ஒட்டிப்போன படகு. அதை இறக்கிவிட்டவர் ஒரு மிட்டாய்வாலா என்பது ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அடுத்தவர் ஹோர்முஸ்ஜி நவ்ரோஜி மோடி. (அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு யார் நினைவாவது வந்தால் நான் பொறுப்பல்ல.) 1838-ல் பம்பாயில் பிறந்தவர், இருபது வயதை ஒட்டி ஹாங்காங் வந்து ஓர் அபின் வியாபாரியின் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு சொந்தமாக அபின் ஏலம். கல்கத்தாவிலிருந்து வந்த ஆர்மீனியர் பால் சேட்டரோடு கூட்டு. இருவரும் பங்குத் தரகு செய்தார்கள், கவுலூனில் நிலம் வாங்கிக் குவித்தார்கள், 1889-ல் தொடங்கி நகரத்தின் முகப்பில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலையிலும் இறங்கினார்கள். இன்று வானளாவ நிற்கும் சென்ட்ரல் பகுதியில் ஒரு பெரிய துண்டு அப்படி வந்ததுதான்.

1908-ல் ஆளுநர் ஃபிரெடரிக் லுகார்டுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, ஹாங்காங்கின் அபின் விடுதிகளை மூடச் சொல்லி லண்டன் ஆணையிட்டிருந்தது. அந்த வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன செய்வது? இன்னொன்று, இங்கே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற தன் ஆசைக்குக் காசு எங்கே தேடுவது? இரண்டாவது தலைவலியை மோடி வாங்கிக்கொண்டார். கட்டடத்துக்கு 1,50,000 டாலர், அறக்கட்டளை நிதிக்கு வேறு 30,000. செலவு மதிப்பீட்டைத் தாண்டிக்கொண்டே போனபோதும் கட்டி முடிக்க ஆவதை நானே தருகிறேன் என்றார். 1910 மார்ச் 16 அன்று அடிக்கல் நாட்டு விழா. அந்த ஆண்டே 'சர்' பட்டம். 1911 ஜூனில் மோடி இறந்தார். 1912 மார்ச்சில் ஹாங்காங் பல்கலைக்கழகம் திறந்தபோது, செங்கல்லும் கருங்கல்லுமாக எழுந்த அந்தப் பிரதான கட்டடத்தைப் பார்க்க அவர் இல்லை. அபின் விடுதியை மூட ஆணை வந்த ஆண்டில், அபின் ஏலத்தில் தலையெடுத்த பணம் பல்கலைக்கழகத்துக்கென ஒதுங்கியது. இதைப் பிராயச்சித்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோடி தான் ஏதோ பாவம் செய்ததாக நினைத்த மாதிரி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அவர் கண்ணில் அது ஒரு தொழில், இது ஒரு தானம். அவ்வளவுதான்.

பெண்களை அழைத்துவரக் கூடாது என்ற கான்டன் சட்டத்தைச் சொன்னேன். ஹாங்காங்கில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் பல பார்சிகளின் மனைவியர் பம்பாயிலேயே இருந்தார்கள். சீனப் பெண்களுக்கும் பார்சி ஆண்களுக்கும் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சமூகத்தின் நினைவு மலர்கள் பேசுவதில்லை. அவர்களில் வரலாறு மறைக்க முடியாத ஒருவர் ராபர்ட் ஹோர்முஸ் கோட்வால். 1880-ல் பிறந்தார், தந்தை பார்சி, தாய் சீனர். சீனச் சமூகத்தின் பிரமுகராகவே வளர்ந்து, சட்டசபைக்குப் போய், 'சர்' பட்டம் வாங்கினார். ஜப்பானியர் ஊரைப் பிடித்தபோது அவர்கள் அமைத்த சீனப் பிரதிநிதிகள் சபைக்குத் தலைமை ஏற்றார். போருக்குப் பின் பிரிட்டிஷார் அவரை ஒதுக்கிவிட்டார்கள். கோட்வால் சாலை இருக்கிறது. அவரைப் பார்சிகளின் கணக்கில் எழுதலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. நான் எழுதிவிட்டேன்.

அதே ஜப்பானிய ஆட்சியில் இன்னொரு குடும்பம் வேறு விதமாக நடந்துகொண்டது. ரத்தன்ஜிகள் மது வியாபாரிகள். 1892-ல் பன்னிரண்டு வயதுப் பையனாக ஹாங்காங் வந்த ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி ரத்தன்ஜி, 1933-ல் ஷாம் ட்ஸெங்கில் பீர் ஆலை தொடங்கியவர். 1941 கிறிஸ்துமஸ் அன்று ஊர் ஜப்பானியர் கையில் விழுந்தது. டடல் தெருவிலிருந்த தன் டினா ஹவுஸில் பார்சிக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார். ஜப்பானியரின் ஸ்டான்லி கைதி முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்குத் திருட்டுத்தனமாக உணவுப் பொட்டலம் அனுப்பியது தெரிந்து, அவரையும் மகன் துன் ரத்தன்ஜியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் சிறை, அடி, சித்திரவதை. இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஆனால் ரத்தன்ஜியின் மகள் டெமினா காசநோயில் போனார். போர் முடிந்ததும் சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ஒரு அறையில் பத்துப் பேர் படுத்து, இருமி, அந்த நோய் ஊரைத் தின்றுகொண்டிருந்தது. 1948-ல் ரத்தன்ஜி பீர் ஆலையை சான் மிகேலுக்கு விற்றார்; அதே ஆண்டு காசநோய் எதிர்ப்புச் சங்கம் உருவானது. பழைய கடற்படை மருத்துவமனை இருந்த வான் சாய் குன்றில் 1949-ல் ரத்தன்ஜி சானடோரியம் திறந்தது. அதை நடத்தியவர்கள் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பன் சபைக் கன்னியர். அவர்களில் சிஸ்டர் மேரி அக்வைனஸ் காசநோய் மருத்துவத்தில் உலகம் அறிந்த பெயர்.

இங்கே நம் ஊர் வந்து சேருகிறது. காசநோயாளியை மாதக்கணக்கில் விடுதியில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் நிரூபித்தது சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆய்வு மையம். அதை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் பிற்பாடு லண்டன் போய்த் தலைமை ஏற்ற ஆய்வுப் பிரிவுதான் ஹாங்காங்கின் சிகிச்சைப் பரிசோதனைகளையும் வடிவமைத்தது. பீர் விற்ற பார்சியின் துக்கம், ஐரிஷ் கன்னியரின் உழைப்பு, சென்னைக் குடிசைகளில் கிடைத்த பாடம் மூன்றும் வான் சாய் குன்றின் மேல் ஒன்றுசேர்ந்தன. காசநோய் தணிந்த பிறகு 1991-ல் சானடோரியம் பொது மருத்துவமனையாக மாறியது. பெயர் ரத்தன்ஜி மருத்துவமனை என்றே நிற்கிறது.

இப்போது ஹாங்காங்கில் பார்சிகள் சுமார் 200 பேர். காஸ்வே பேயின் லெய்ட்டன் சாலையில் 1993-ல் எழுந்த, அவர்கள் சமயத்தின் பெயர் தாங்கிய ஜோராஸ்ட்ரியன் கட்டடத்தின் ஒரு தளத்தில் பிரார்த்தனைக் கூடம். மற்ற தளங்களின் வாடகை அறநிதிக்குப் போகிறது. அந்த நிதியின் வேர் 1822-ல் கான்டன் வியாபாரிகள் போட்ட உண்டியல். ஹாங்காங், கான்டன், மக்காவ் என்று மூன்று ஊர்களின் பெயரும் இன்றும் அதன் சட்டப்பூர்வப் பெயரில் இருக்கின்றன.

ஹேப்பி வேலிக் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், 1846 முதல் குதிரைப் பந்தயம் நடக்கும் மைதானம். ஹோர்முஸ்ஜி மோடிக்குப் பந்தயக் குதிரைகள் உண்டு. அவற்றைத் தன் பெயரில் ஓட்டாமல் 'மிஸ்டர் பக்ஸி' என்ற புனைபெயரில் ஓட்டினார். அவர் புதைக்கப்பட்டிருப்பது அந்தத் தோட்டத்தில்தான்.

(அடுத்த வாரம்: கொழும்பு)